கையால் சாயமிட்ட நூலில் சாக்ஸ்: நிறம் ஏன் திட்டுத்திட்டாய்க் குவிகிறது?

2023 அக்டோபர் 8, வாசகர் கேள்வி

நூறு கிராம் நூல், ஒரே சிட்டம், 34 கனடா டாலர். பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ நிறம், ஆரஞ்சு. கடையில் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. கணுக்கால் வரை பின்னிவிட்டுப் பார்த்தால் ரங்கோலி மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியது மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் பச்சையும் கத்தரிப்பூவும் மட்டும் குவிந்து கிடக்கின்றன, மறுபக்கம் மஞ்சளும் ஆரஞ்சும். அழகாக முறுக்கி வைத்து ஏமாற்றி விற்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். பேசாமல் ஆறு ஜோடி பாக்கெட் சாக்ஸ் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கைச்சாய நூலில் யாருக்காவது உருப்படியாக வந்திருக்கிறதா?

அக்டோபர் 8, இரவு

ஏமாற்று இல்லை, கணக்கு.

சிட்டம் என்பது ஒரு பெரிய வளையம். சாயம் போடுபவர் அதைத் தட்டில் பரப்பி இந்த மூலையில் பச்சை, அடுத்ததில் மஞ்சள் என்று ஊற்றுகிறார். அதனால் அந்த நூல் முழுக்க நிறங்கள் ஒரே வரிசையில், வளையத்தின் சுற்றளவுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுற்றளவு பெரும்பாலும் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கும். உங்களுடையது 160 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாலு நிறம், ஆளுக்கு 40.

இப்போது சாக்ஸ். 2.25 மில்லிமீட்டர் ஊசியில் 64 கண்ணி போட்டிருப்பீர்கள், எல்லோரும் போடுவது அதுதான். அந்த இறுக்கத்தில் ஒரு கண்ணி சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் நூல் தின்னும். ஒரு சுற்றுக்கு 80. பாதிச் சுற்றுக்கு 40. புரிகிறதா? முதல் சுற்றில் இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள். இரண்டாவது சுற்றில் இந்தப் பக்கம் கத்தரிப்பூ, அந்தப் பக்கம் ஆரஞ்சு. மூன்றாவது சுற்றில் மறுபடி பச்சை, அதே இடத்தில். கணுக்கால் வரை இதே கதைதான். இங்கே பின்னுகிறவர்கள் இதைப் பூலிங் என்பார்கள்.

சந்தேகமென்றால் ஒரு சுற்றைப் பிரித்து அந்த நூலை அளவுகோலில் வைத்துப் பாருங்கள். பச்சை தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த பச்சை தொடங்கும் இடம் வரையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணின் இரண்டு மடங்காக இருந்தால் விஷயம் முடிந்தது.

அக்டோபர் 9

வழி கேட்டிருக்கிறீர்கள். சுலபமானது: கண்ணி எண்ணிக்கையை மாற்றுங்கள். 60 போட்டால் ஒரு சுற்றுக்கு 75 சென்டிமீட்டர், இரண்டு சுற்றுக்கு 150. வளையம் 160. பத்து சென்டிமீட்டர் மிச்சம், அதாவது இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிறம் எட்டுக் கண்ணி நகரும். திட்டு நேராக நிற்காமல் காலைச் சுற்றிச் சாய்வாக ஏறும். 68 போட்டால் எதிர்ப்பக்கம் சாயும். சிலருக்கு இந்தச் சாய்வு பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். எண்ணிக்கையை மாற்றினால் அளவு கெடும் என்பவர்கள் ஊசியை 2.5க்கு மாற்றலாம். ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் அதிக நூல் தின்னும், கணக்கு தப்பும்.

ஆனால் குதிகாலில் எல்லாம் மறுபடி கலையும், இப்போதே சொல்லிவிடுகிறேன். குதிகால் பட்டையைப் பாதிக் கண்ணியில் போய்த் திரும்பிப் பின்னுகிறோம். வரிசைக்கு 40 சென்டிமீட்டர்தான். அதனால் உங்கள் நூலில் அங்கே வரிசைக்கு ஒரு நிறமாகக் கோடு விழும். அது முடிந்ததும் பக்கவாட்டில் கண்ணி எடுத்துக் கூட்டி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறைத்துக்கொண்டு வருவோம் இல்லையா, அந்த முக்கோணத்தில் சுற்றின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். நிறம் அலையும். சாக்ஸிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். அடுத்து என்ன நிறம் எங்கே வரும் என்று பின்னுகிறவளுக்கே தெரியாது.

அக்டோபர் 9, சாப்பிட்ட பிறகு

சாய்வும் பிடிக்காது, திட்டும் பிடிக்காது என்பவர்களுக்கு: சிட்டத்தை இரண்டு உருண்டையாகச் சுற்றி, ஒரு சுற்று இதில், ஒரு சுற்று அதில் பின்னுங்கள். இரண்டாவது உருண்டையை வெளியிலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து இழுத்துப் பின்னினால் நிற வரிசை தலைகீழாகிவிடும். 60 கண்ணியோடு இதைச் சேர்த்தால் இரண்டும் ஒரே பக்கம்தான் சாயும், ஆனால் நிற வரிசை எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று உடைத்துவிடும்.

நூல் மாற்றும் இடத்தில் கோடு விழுமே என்பார்கள். சுற்று முடிய மூன்று கண்ணி இருக்கும்போது நிறுத்தி, அந்த மூன்றையும் பின்னாமல் வலது ஊசிக்கு நகர்த்தி, அங்கே தொங்கும் மற்ற நூலை எடுத்துத் தொடருங்கள். இரண்டு நூலையும் முறுக்க வேண்டாம். மாற்றும் இடம் சுற்றுக்கு மூன்று கண்ணி பின்வாங்கிக்கொண்டே போகும், ஒரே இடத்தில் நிற்காததால் தடமே தெரியாது.

அக்டோபர் 11

அந்த "ஏமாற்றி விற்கிறார்கள்" மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் வளர்ந்தது திருப்பூரில். அப்பாவுக்கு ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் துணி பார்த்து வாங்கும் வேலை. லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு, உள்ளே விதவிதமான விளக்கு. சரக்கை வாங்குகிற பையர் ஒப்புக்கொண்ட துணித்துண்டையும் சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, கடை வெளிச்சத்தில் ஒரு முறை பார்ப்பார்கள். உடம்புத் துணிக்கும் கைத் துணிக்கும் ஷேடு ஒரு இழை மாறினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வீட்டில் "லாட் மாறிப்போச்சு" (ஒரே தடவையில் சாயம் போட்ட மொத்தம் ஒரு லாட்) என்று அப்பா சொன்னால் அன்றைக்கு யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம்.

அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு இங்கே கனடாவின் வாட்டர்லூவில் நூல் கடைக்குள் போனால், ஒரு விரற்கடைக்கு ஒரு ஷேடு இருக்கிற நூலைத் தனி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்து மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். சிரிப்பு வந்தது. அப்பாவாக இருந்தால் ஒரு பார்வையில் "சாயம் பட்டை பட்டையா ஏறியிருக்கு, திருப்பி அனுப்பு" என்றிருப்பார்.

ஆனால் அந்த ஒழுங்கின்மைதான் இங்கே சரக்கு. அதற்குத்தான் காசு. எல்லா இழையும் ஒரே நிறமாக வேண்டுமென்றால் ஆலை நூல் இருக்கிறது, விலையும் குறைவு. கோடு கோடாகவே வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஓப்பல், ரேகியா நூல்கள் இருக்கின்றன. சாதாவாகச் சுற்றிச் சுற்றிப் பின்னினாலே கோடு தானாக விழும்படி இயந்திரம் நிறத்தை அளந்து அச்சிட்டுவிடும். கைச்சாயத்தில் அந்த அளவு இல்லை. சிட்டத்தில் பார்க்கும்போது எல்லா நிறமும் கலந்து தெரிவது அதை முறுக்கி வைத்திருப்பதால்தான். பின்னலோ சுற்றுக்கு இத்தனை கண்ணி என்று எண்ணி வைத்த வேலை. அதில் போய் விழுந்ததும் நூலுக்குள் ஒளிந்திருந்த ஒழுங்கு வெளியே வந்துவிடுகிறது. கடைக்காரர் செய்யக்கூடியது, பின்னிய துண்டு ஒன்றைச் சிட்டத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது. செய்கிற கடைகளும் உண்டு. அங்கேதான் நான் வாங்குவேன்.

என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்: நாலு முரட்டு நிறம் நீள நீளமாக இருக்கிற நூல் முதல் ஜோடிக்கு ஆகாது. ஒரே நிறம் அங்கங்கே அடர்ந்தும் வெளுத்தும் இருப்பதை வாங்குங்கள், பூவேலை போட்டாலும் தெரியும். அல்லது வெளிர் நூலில் பொட்டுப் பொட்டாகச் சாயம் தூவியதை வாங்குங்கள். பொட்டு எங்கே விழுந்தாலும் அழகுதான், கணக்கே வேண்டாம்.

அக்டோபர் 11, பின்குறிப்பு

அம்மாவிடம் போனில் விலையைச் சொன்னேன். "காலுக்குப் போடறதுக்கா?" என்றார். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கால்மணி நேரம் கழித்து, "ஒரு கால் உறைக்கா, ரெண்டுக்குமா?"

அக்டோபர் 14

நீலச் சாயம் கையெல்லாம் ஒட்டுகிறது, வினிகரில் ஊற வைக்கலாமா, உப்புத் தண்ணீரில் போடலாமா என்று கேள்வி வந்திருக்கிறது.

முதலில் உப்பு. புதுச் சுங்குடிப் புடவை வாங்கினால் உப்புத் தண்ணீரில் நனைத்துப் போடுவது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. பருத்தியிலேயே அது சாயத்தைப் பூட்டிவிடாது. கம்பளியில் விஷயம் இன்னும் வேடிக்கை. கம்பளிச் சாயத் தொட்டியில் உப்பைப் போடுவதே சாயம் அவசரமாக ஏறாமல் மெதுவாக, சமமாக ஏறட்டும் என்றுதான். நீங்கள் நினைக்கிற வேலைக்கு நேர் எதிர்.

கம்பளி என்பது முடி, புரதம். அமிலத்தில் அதற்கு நேர்மின்னேற்றம் வரும். கம்பளிக்குப் போடும் அமிலச் சாயத்துக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே போய் ஒட்ட வேண்டுமென்றால் சூடு வேண்டும், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 85 முதல் 95 டிகிரி, அரைமணி நேரமாவது. நன்றாக ஏறினால் தொட்டித் தண்ணீர் தெளிந்துவிடும். மைபோல் இருந்த தண்ணீர் வெறும் தண்ணீராகும், நேரில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். டர்க்காய்ஸ் நீலம் மட்டும் கடைசி வரை பிடிவாதம் பிடிக்கும். சில சிவப்பும் அப்படித்தான். தண்ணீர் தெளிவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டால், அல்லது நூல் தாங்குவதற்கு மேல் சாயம் போட்டிருந்தால், உங்கள் கையில் ஒட்டும்.

ஆகவே குளிர்ந்த வினிகரில் ஊற வைப்பதால் வாசனைதான் மிச்சம். அமிலம் மட்டும் போதாது, சூடும் சேர வேண்டும். முதலில் கொஞ்சம் சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். மேலே தூசியாக நிற்கும் சாயம் என்றால் அதோடு போய்விடும். பிறகும் தண்ணீர் நிறமாக வந்துகொண்டே இருந்தால், எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர், கொஞ்சம் சிட்ரிக் அமிலம் போட்டு, நூலை அமிழ்த்தி, மெதுவாகச் சூடேற்றி, கிளறாமல் வைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். அந்தப் பாத்திரத்தில் அப்புறம் சமைக்கக் கூடாது. இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

அக்டோபர் 15

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. சாக்ஸ் நூலில் நாலில் ஒரு பங்கு நைலான் இருக்குமே, அதற்கு வேறு சாயமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, அதே சாயம்தான். நைலானும் அமிலச் சாயத்தை இழுக்கும். சொல்லப்போனால் கம்பளிக்கு முன்னால், குறைந்த சூட்டிலேயே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் 75 பங்கு மெரினோ (மென்மையான ஒரு வகைச் செம்மறிக் கம்பளி), 25 பங்கு நைலான் கலவையில் வெள்ளை இழை தனியாகப் பல்லிளிப்பதில்லை. பாலியெஸ்டராக இருந்தால் இளிக்கும்.

நைலானே இல்லாத முழு மெரினோவும் கிடைக்கிறது. உருகுவேயின் மலபிரிகோ சாக்ஸ் நூல் அப்படி, எங்கள் ஒன்டாரியோவின் கோய்குவும் அப்படி. நிறத்தில் இரண்டையும் அடிக்க ஆளில்லை. ஆனால் குளிர்காலப் பூட்ஸுக்குள் போட்டு நடந்தால் குதிகால்தான் முதலில் போகும். அதில் சால்வை பின்னுங்கள், அல்லது வீட்டுக்குள் போடும் சாக்ஸ்.

அக்டோபர் 15, இரவு

9ஆம் தேதி ஊசியை 2.5 ஆக்கலாம் என்றேன். யோசித்துப் பார்த்தால் சாக்ஸுக்கு அதைவிடக் கண்ணி எண்ணிக்கையை மாற்றுவதே மேல். காரணம் சூப்பர்வாஷ்.

கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. வெந்நீரில் உரசினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கட்டையாகும். சூப்பர்வாஷ் நூலில் அந்தச் செதிலின் விளிம்பைக் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சுக் கொடுத்துவிடுகிறார்கள். துவைக்கும் இயந்திரத்தில் போடலாம். சாயமும் வேகமாக, பளிச்சென்று ஏறும். நீங்கள் கடையில் பார்த்து மயங்கிய நிறத்தில் பாதி அந்தப் பூச்சின் வேலை. ஆனால் செதில் மாட்டாத இழை நனைந்தால் வழுக்கும், பின்னல் நீளும். தளர்வாகப் பின்னிய சாக்ஸ் முதல் துவைப்புக்குப் பிறகு கணுக்காலில் சுருண்டு இறங்கும். இறுக்கமாகப் பின்னினால் தேய்மானமும் குறைவு. பாதத்தின் சுற்றளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும் சாக்ஸ். சோதனைத் துண்டு பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு எண்ணுங்கள். துவைக்காமல் எண்ணினால் அது எண்ணிக்கையே இல்லை.

அக்டோபர் 19

எங்களுக்கு அடுத்த ஊர் கிச்னர். 1916 வரை பெர்லின் என்று இருந்தது, முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் ஆகாது என்று பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்னர் பிரபுவின் பெயரை வைத்தார்கள். அவர் பெயரில்தான் சாக்ஸ் விரல்நுனியைத் தடம் தெரியாமல் மூடும் தையலும் இருக்கிறது. பேருந்தில் அந்த ஊர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் மூடாமல் கிடக்கும் சாக்ஸ் ஞாபகம் வருகிறது.

அதிலிருந்து தப்ப நான் விரல்நுனியிலிருந்து தொடங்குகிறேன். 2006இல் ஜூடி பெக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி வெளியிட்ட கண்ணி போடும் முறை ஒன்று உண்டு, இரண்டு ஊசியையும் சேர்த்துப் பிடித்து, நூலின் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிச் சுற்றுவது. தையலே வேண்டாம். கைச்சாய நூலுக்கு இன்னொரு லாபம்: நுனியில் கண்ணி கம்மி, சுற்றுக்கு 30 சென்டிமீட்டர்தான் போகும், ஒரு நிறம் ஒரு சுற்றைத் தாண்டி வரும். கோடு கோடாகத் தொடங்கி, அகலம் கூடக்கூடக் கோடு உடைந்து திட்டாகும். எந்த இடத்தில் திட்டு மோசமாகிறதோ அங்கேயே நிறுத்தி எண்ணிக்கையை மாற்றலாம், பிரிக்க வேண்டியதும் கொஞ்சம்தான்.

அக்டோபர் 22

சென்னையிலிருந்து ஒருவர்: இங்கே கம்பளி சாக்ஸ் யார் போடுவது, பருத்தி நூலுக்கு வீட்டிலேயே சாயம் போட்டுப் பின்னலாமா?

போடலாம், ஆனால் எல்லாமே வேறு. பருத்தியில் அமிலச் சாயம் நிற்காது. ரியாக்டிவ் சாயம், அதாவது இழையோடு வினைபுரிந்து பிணையும் சாயம் வேண்டும், சலவைச் சோடா வேண்டும், சாயம் போடும்போது அதை இழைக்குள் தள்ள இங்கேதான் உப்பு நிஜமாகவே வேலை செய்கிறது, அதுவும் அள்ளி அள்ளி. போட்ட சாயத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து வீணாகி, அத்தனை உப்போடும் வெளியே போகும். திருப்பூர்க்காரிக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். நொய்யல் ஆறு, ஒரத்துப்பாளையம் அணை எல்லாம் அந்தத் தண்ணீரைப் பார்த்தவை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றுபோனது. தொழில் போனவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, கிணற்றில் உப்பும் நிறமும் பார்த்த விவசாயி பக்கம் இன்னும் அதிகமாக இருந்தது.

அதற்காகக் கம்பளி புனிதம் என்று சொல்ல வரவில்லை. சாயத் தண்ணீர் தெளிந்துவிடுகிறது, சரி. ஆனால் சூப்பர்வாஷ் ஆக்கும் குளோரின் வேலை எங்கேயோ ஒரு ஆலையில் நடந்துவிட்டுத்தான் நம் கைக்கு வருகிறது. கைச்சாயம் என்றால் இயற்கைச் சாயம் என்றும் பலர் நினைக்கிறார்கள். மஞ்சள், அவுரி, மஞ்சிட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கடையில் கண்ணைப் பறிக்கிறதெல்லாம் பெரும்பாலும் டப்பாவில் வரும் செயற்கைச் சாயப் பொடிதான்.

இன்னொன்று, பருத்திக்கு நீண்டு திரும்பும் குணம் கிடையாது. கையால் பின்னிய பருத்தி சாக்ஸ் மத்தியானத்துக்குள் தொளதொளத்துவிடும். சென்னையில் இருந்துகொண்டு ஆசைப்பட்டால் ஊட்டி, கொடைக்கானல் போகும் உறவினருக்குப் பின்னிக் கொடுங்கள்.

அக்டோபர் 22, சற்று நேரத்தில்

"நம் மலையில் கம்பளி இல்லையா?" இருக்கிறது. நீலகிரி ஆடு என்றே ஒரு இனம், 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து உண்டானது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையம் வைத்துக் காக்கிறார்கள். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் நிலையத்தில் பாரத் மெரினோ வளர்க்கிறார்கள். மென்மையான முடிதான். அதை மெல்லிய சாக்ஸ் நூலாக நூற்றுச் சாயம் போட்டுச் சிட்டமாக விற்கிற ஆள் வந்தால் முதல் சிட்டம் எனக்கு.

அக்டோபர் 23

ஒரே பெயர் போட்ட இரண்டு சிட்டம் வேறு வேறு நிறமாக வந்திருக்கிறது என்று புகார். கைச்சாயத்தில் லாட் எண் என்பதே பெரும்பாலும் கிடையாது. ஒரு பானைக்குள் போனது ஒரு லாட், அவ்வளவுதான். வாங்கும்போதே இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கடை விளக்கை நம்பாதீர்கள். (அப்பா பெருமைப்படுவார்.) பெரிய உருப்படி என்றால் இரண்டு சிட்டத்தையும் இரண்டு வரிசைக்கு ஒரு முறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள். சாக்ஸுக்கு ஒரு சிட்டமே போதும் என்பதால் இந்தத் தலைவலி இல்லை.

இரண்டு காலும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமே என்கிறவர்களுக்கு: இரண்டாவதையும் அதே நிறத்தில், அதே இடத்தில் தொடங்கிப் பாருங்கள். ஓரளவு வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். பூட்ஸைக் கழற்றிக் காலை ஒப்பிட்டுப் பார்க்கிற ஆள் வீட்டுக்கு வந்தால் அவருக்குக் காபி கொடுக்க வேண்டாம்.

அக்டோபர் 28

கேள்வி கேட்டவர் 60 கண்ணியில், இரண்டு உருண்டையாகப் பிரித்து மறுபடி தொடங்கியிருக்கிறார். படம் பார்த்தேன். பச்சை உடைந்துவிட்டது, மஞ்சள் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. மஞ்சள் வெளிர் நிறம், கொஞ்சம் குவிந்தாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். நூல் மேல் குற்றமில்லை. துவைத்தால் கண்ணிகள் சமமாகி இன்னும் அடங்கும்.

கணவருக்குப் பெரிய பாதம், நூறு கிராமில் ஜோடி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சமையலறைத் தராசில் 50, 50 ஆக நிறுத்துப் பிரித்து, விரல்நுனியிலிருந்து தொடங்கி, நூல் தீரும் வரை கணுக்கால் மேலே ஏறுங்கள். குதிகாலுக்கும் நுனிக்கும் மட்டும் நைலான் கலந்த வேறு ஒற்றை நிற நூல் போட்டால், நானூறு மீட்டர் சிட்டத்தில் தாராளமாக வரும். கடைசியில் மேல்விளிம்பை முடிக்க ஒரு சுற்றின் நீளத்தைப் போல மூன்று மடங்கு நூல் மிச்சம் வையுங்கள். தளர்வாக முடியுங்கள், இல்லாவிட்டால் குதிகாலைத் தாண்டி உள்ளே போகாது.